ஓவராலிங் நாட்கள்

ஏக்கத்தை அளக்க ஒரு கருவி வந்துவிட்டது என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். காய்ச்சலை அளக்கலாம், ரத்தக் கொதிப்பை அளக்கலாம், போனதை நினைத்து உள்ளே பிசைகிறதே, அதை எப்படி ஐயா அளப்பது என்று கேட்டார்கள். சிரித்தவர்கள் இரண்டே வருடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டுவதற்கு இரண்டு வில்லைகள், கையில் பிடிக்க ஒரு சின்னத் திரை, திரையில் சுழியத்திலிருந்து நூறு வரை ஓர் எண். அவ்வளவுதான் ஏக்கமானி. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தொண்ணூற்றேழு காட்டியது. பழைய காதலை எப்போதோ மறந்துவிட்டதாகச் சத்தியம் செய்தவனுக்கு எழுபது காட்டி, நல்லாயிருந்த குடும்பத்தில் குழப்பம் பண்ணியது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? பிடித்துக்கொண்டது. பூமி சூடேறுவதைத் தடுக்கப் போடுகிற திட்டம் ஒவ்வொன்றையும் லாபமா நஷ்டமா என்று நிறுத்துப் பார்க்க அப்போதே ஒரு நிறுவை ஆணையம் இருந்தது. எல்லாவற்றுக்கும் விலை போட்டீர்களே, மனுஷ மனசுக்குப் போட்டீர்களா என்று யாரோ வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார்கள். ஆகவே 2054-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எதை மூடினாலும் அங்கே இருப்பவர்களின் ஏக்கத்தை அளந்து அதையும் தராசில் வைக்க வேண்டும்.

தர்ஷினி அந்த ஆணையத்தில் அளவை அதிகாரி. வயது நாற்பத்து நான்கு. நான்கு வருடத்தில் ஏழு ஆலைகள், இரண்டு துறைமுகங்கள், ஒரு சுரங்கம் என்று அளந்து முடித்திருந்தாள். எட்டாவது ஆலையாகக் கருவேலந்துறை அனல்மின் நிலையத்தின் பெயர் வந்தபோது, படிவத்தில், ஆம் என்றால் அளக்க விடாத 'இது உமது சொந்த ஊரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினாள். பொய்யில்லை. அவள் பிறந்ததும், பதினெட்டு வயதுவரை வளர்ந்ததும் அந்த நிலையத்தின் குடியிருப்பில்தான். அவள் அப்பா இசக்கிராஜா ஓய்வு பெற்ற பிறகும் வாடகை கட்டி அங்கே சி வரிசை இருபத்து நான்காம் எண் வீட்டில் இருக்கிறார். ஆனால் குவார்ட்டர்ஸை யாராவது சொந்த ஊர் என்று சொல்வார்களா? அந்தக் காலனியில் இருந்த அறுநூற்று நாற்பது குடும்பமும் சொந்த ஊர் என்றால் சங்கரன்கோவில், சாத்தான்குளம், விளாத்திகுளம் என்று வேறு எதையாவதுதான் சொல்லும். அந்த வழக்கம்தான் அவளைக் காப்பாற்றியது. இல்லை, மாட்டிவிட்டது. எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம்.

நாட்டில் நிலக்கரி எரித்து ஓடுகிற நிலையம் நான்கே நான்குதான் மிச்சம். அதில் இது ஒன்று. ஆணையத்தின் தராசில் செலவும் நன்மையும் கிட்டத்தட்டச் சமமாக நின்றிருந்தன. மிச்சம் ஏக்கம் மட்டும். காலனியின் சராசரி அறுபதைத் தாண்டினால் நிலையம் இன்னும் பன்னிரண்டு வருடம் ஓடும். தாண்டாவிட்டால் ஆறு மாதத்தில் மூடல், வீடுகள் இடிப்பு, அத்தனை பேரும் அரசம்பட்டி அடுக்குமாடிக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றித்தான். அவருக்கு எழுபத்து நான்கு வயது. முப்பது வருடம் பாய்லர் ஆப்பரேட்டராக இருந்தவர். காலனியில் இன்னும் பாய்லர் ராஜா என்றால்தான் தெரியும்.

"சாப்பிட்டியான்னு கேப்பேன்னு பாத்தியா? அதெல்லாம் பொறவு. மொதல்ல இதச் சொல்லு. அப்படி என்னத்தைத்தான் நிறுக்குதிய?"

"ஒரு தட்டுல மூடுறதால வாற நஷ்டம்ப்பா. வேலை போறது, கரண்டு விலை ஏறுறது, வீடு மாத்துற செலவு. இன்னொரு தட்டுல மூடுறதால வாற நன்மை. சூடு குறையும், கடல் ஏறுறது குறையும், நெஞ்சு நோய் குறையும். இன்னிக்கு இருக்கவங்களுக்கு மட்டும் இல்ல, இனிமே பிறக்கப் போறவங்களுக்கும் சேத்து."

"பிறக்காத பிள்ளைக்கு எப்படிட்டி விலை போடுவிய?"

"போடுவோம். ஆனா வருஷம் தள்ளத் தள்ளக் கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்கிட்டே வருவோம். நூறு வருஷம் கழிச்சுப் பிறக்கவனோட நூறு ரூபா கஷ்டம், இன்னிக்கு நம்ம கணக்குல அஞ்சு ரூபா."

அப்பா சிரித்தார். "நல்ல கணக்கு! அவன் பிறந்து நிக்கும்போது அவனுக்கு அஞ்சு ரூபா அளவுக்குத்தான் வலிக்குமோ?"

இதே கேள்வியைப் படித்தவர்கள் எழுபது வருடமாகக் கேட்டுத் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். தர்ஷினி கைகால் கழுவப் போனாள். அப்பா அடுத்துச் சொன்னது குளியலறைக் கதவைத் தாண்டிக் கேட்டது.

"நான் அரசம்பட்டிக்கெல்லாம் போமாட்டேன், கேட்டுக்கோ. அங்க போனா நான் பதினோராவது மாடிக் கெழவன். இங்கதான் பாய்லர் ராஜா."

அளவை மனமகிழ் மன்றத்தில் நடந்தது. சீட்டுக் குலுக்கி எடுத்த நூற்று இருபது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அநேகமாக எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். தர்ஷினி வருவதற்கு முன்பே சங்கச் செயலாளர் ஜெபஸ்டின் அண்ணாச்சி மேடை ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். அறுபத்திரண்டு வயதிலும் அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி அனாவசியம்.

"பதட்டப்படாதிய! வில்லைய ஒட்டுனதும் கண்ண மூடுங்க. நம்ம காலனியில நீங்க பாத்ததுலேயே ரொம்ப நல்ல நாள் எதுவோ, அத நெனைங்க. சும்மா மேலாக நெனைக்கக் கூடாது. வாசனை வரணும், சத்தம் வரணும், யாரு பக்கத்துல இருந்தாவன்னு வரணும். நேத்து பூரா வீட்டுல ஒத்திகை பாக்கச் சொன்னேன்லா? பாத்தியளா?"

"பாத்தோம்!" என்றது மன்றம், பள்ளிக்கூடம் போல.

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. ஒத்திகை பார்க்கக் கூடாது என்று விதியில் இல்லை. எல்லா இடத்திலும் பார்க்கத்தான் செய்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அளந்தாள். எழுபத்தெட்டு. எண்பத்தைந்து. எழுபத்தொன்பது. அப்பாவுக்கு எண்பத்தொன்பது. கண்ணை மூடியிருந்த அப்பாவின் முகத்தில் வந்த சிரிப்பை அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. அம்மா இருந்தபோது பார்த்தது. ஜெபஸ்டினுக்குத் தொண்ணூற்றிரண்டு. கண்ணைத் திறந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார்.

ஒரே ஒரு இடத்தில் கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்தாள். ஆத்விகா என்ற இருபத்தாறு வயதுப் பெண். சாம்பல் அள்ளும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி, காலனியிலேயே பிறந்து, காலனியிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். இடுப்பில் ஒரு வயதுப் பையன். திரையில் இரண்டு என்று வந்தது. வில்லையைக் கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டினாள். மறுபடியும் இரண்டு.

"நல்லா நெனைச்சியா ஆத்விகா?"

"நெனைச்சேன்க்கா. எனக்கு ஒண்ணும் வரல்ல. தப்பா?"

"தப்பு இல்லம்மா. போ."

மாலை ஐந்து மணிக்குச் சராசரி வந்தது. எண்பத்தொன்று! அவள் அளந்த எந்த இடத்திலும் இவ்வளவு வந்ததில்லை. மன்றத்தில் எழுந்த கூச்சலில் கூரை பிய்த்துக்கொண்டு போகும் போலிருந்தது. ஜெபஸ்டின் எங்கிருந்தோ ஒரு தூக்கு நிறைய மஸ்கோத் அல்வா கொண்டுவந்து, வாய் திறந்தவர் திறக்காதவர் எல்லார் வாயிலும் திணித்தார். அதிகாரி வாங்கிச் சாப்பிடக் கூடாது. தர்ஷினி சாப்பிட்டாள். சின்ன வயதில் அவளைத் தூக்கிச் சுமந்த கை அது. வேண்டாம் என்று எப்படிச் சொல்ல?

அவளுக்கும் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? அப்பாவுக்கு வீடு தப்பித்தது. வாயில் அல்வாவோடு அவரிடம் கேட்டாள்: "அப்படி என்னப்பா நெனச்சிய? எண்பத்தொன்பது வந்திருக்கு!"

"வேற என்ன? ஓவராலிங்தான்."

பக்கத்தில் நின்ற கணக்குப் பிரிவுப் பெரியவர் திரும்பினார். "அட, நானும் அதேதான் ராஜா!" அவருக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாள் கையைத் தட்டினாள். "எங்க வீட்டுலயும் எல்லாரும் அதத்தான் நெனச்சோம்!" ஓவராலிங், ஓவராலிங் என்று அந்தச் சொல் மன்றம் முழுக்கச் சுற்றி வந்தது. ஆளுக்கு ஆள் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஜெபஸ்டின் சிரித்த சிரிப்பில் அல்வாத் தூக்கு கை நழுவியது.

தர்ஷினி மட்டும் படிவத்தைத் திருப்பிக் கடைசி வரியைப் பார்த்தாள்.

ஓவராலிங் என்றால் என்னவென்று வெளியாளுக்குத் தெரியாது. அது வருடாந்திரப் பராமரிப்பு. ஆனி பிறந்ததும் மேற்கே காற்று கிளம்பிவிடும். கணவாய்ப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் வெறி பிடித்துச் சுற்ற, மின்சாரம் வழிந்து கிடக்கும். அந்தச் சமயம் பார்த்து நிலையத்தின் இரண்டு யூனிட்டையும் இருபது நாள் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். உள்ளே கழற்றி மாட்டுகிற வேலை நடக்கும். புகைபோக்கியில் புகை இருக்காது. மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் காலனியின் மேல் சலித்த மாவாக விழுந்துகொண்டிருக்கும் சாம்பல், அந்த இருபது நாள் மட்டும் விழாது.

அந்த இருபது நாள்தான் காலனிக்குத் திருவிழா. முதல் நாள் பெண்கள் மொட்டைமாடியை ஐந்தாறு தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளுவார்கள். வருடம் முழுக்க வீட்டுக்குள் உலர்த்திய வெள்ளைத் துணி எல்லாம் அன்று கொடிக்கு வரும். வேட்டி, பள்ளிச் சட்டை, தலையணை உறை என்று வரிசை வரிசையாக வெள்ளை. தர்ஷினியின் அம்மா முத்துலெட்சுமி விடிவதற்குள் கூழ் கிண்டி, மேலே கொண்டுபோய் வற்றல் பிழிவாள். ஒரு வருடத்துக்கான வற்றலை இருபது நாளில் காய வைத்தாக வேண்டும். காக்கா விரட்டுகிற வேலை தர்ஷினிக்கு. விரட்டியதைவிட அரைக்காய்ச்சல் வற்றலைத் தின்றதுதான் அதிகம்.

ராத்திரி எல்லா வீட்டுப் பாயும் மேலே ஏறும். ஷிப்டு ஆப்பரேட்டர்களுக்கெல்லாம் ஓவராலிங்கில் பகல் டூட்டி. வருடம் பூராவும் அவள் எழும்போது தூங்கி, தூங்கும்போது கிளம்பிப் போகிற அப்பா, அந்த இருபது நாளும் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார். போனில் கிரிக்கெட் ஓடும். மாடிக்கு மாடி சத்தம் போட்டு ஸ்கோர் சொல்வார்கள். குற்றாலத்துச் சாரலைத் தொட்டுவிட்டு வருகிற அந்த மேல்காற்று, பன்னிரண்டு மணிக்கு மேல் உடம்பில் பட்டால் சிலிர்க்கும். அம்மா போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடுவாள். ஆனி மாதத்தில் போர்வை! இன்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அதெல்லாம் 2034-ஓடு முடிந்துபோனது. சூடு ஏறியது. குளிர்சாதனம் ஓடாத வீடே இல்லை என்றானதும் மின்சாரத் தேவை எந்த மாதமும் குறையவில்லை. ஒரு யூனிட்டை நிறுத்தினால் இன்னொன்றை ஓட்டினார்கள். சாம்பல் விழாத நாள் என்று ஒன்று இல்லாமல் போனது. மேல்காற்றும் முன்போல் வரவில்லை. வந்தாலும் அடுப்படிக் காற்றாக வந்தது.

இது தர்ஷினிக்கு எல்லாரையும்போலத் தெரிந்ததுதான். அவளை ஏக்கமானியில் உட்கார வைத்திருந்தால் அவளும் கண்ணை மூடியதும் அந்தப் போர்வைக்குள்தான் போயிருப்பாள். ஆனால் படிவத்தின் கடைசியில் அளவை அதிகாரி கையெழுத்துப் போடுகிற வரி ஒன்று இருந்தது: 'மேற்படி ஏக்கம் எதைக் குறித்தது என விசாரித்து அறிந்தேன். அது மூடப்படும் நிலையத்தைக் குறித்தது.' எந்த அதிகாரியும் விசாரிப்பதில்லை. அவளும் இதுவரை விசாரித்ததில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். இன்று வாய் சும்மா இராமல் கேட்டுத் தொலைத்துவிட்டாள்.

நூற்றுப் பத்தொன்பது பேரும் ஏங்கியது நிலையத்துக்காக இல்லை. நிலையம் நின்ற இருபது நாளுக்காக.

மறுநாள் காலை அப்பாவிடமும் ஜெபஸ்டினிடமும் விஷயத்தைச் சொன்னாள். சொல்லாமல் செய்துவிட்டுப் போக மனசு வரவில்லை. அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

"ஏட்டி! என் வீட்ட நானே நெனச்சு நானே இடிச்சிட்டேன்னு சொல்லுதியா?"

"எண்பத்தொண்ண நான் இந்தத் தட்டுல வைக்க முடியாதுப்பா. அந்தத் தட்டுலதான் வைக்கணும். மூடுனா வாற நன்மைப் பக்கம்."

ஜெபஸ்டின் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, நீ படிச்சவ. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஓடுத மெஷினுக்குத்தான ஓவராலிங்? முந்நூறு நாள் மாடு மாதிரி வேலை பாத்ததாலதான் அந்த இருவது நாள் இனிச்சுது. மெஷினே இல்லன்னா எத நிப்பாட்டிட்டு நிம்மதியா படுக்கது? இந்த நிலையம் இல்லன்னா அந்த மாடி இல்ல. அந்த மாடியில உங்க அப்பா இல்ல. எங்க எல்லாரையும் பல ஊருலேருந்து கொண்டாந்து ஒரு மாடியில படுக்கப் போட்டது எதுன்னு நெனைக்க? அத நெனச்சா இத நெனச்ச மாதிரிதான். பேசாம கையெழுத்தப் போடு."

அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அம்மா ஏழு வருடத்துக்கு முன்பு இருமி இருமியே போய்ச் சேர்ந்ததைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே அன்று பகல் முழுவதும் காலனியைச் சுற்றினாள். ஏ வரிசை முனையில் ஆத்விகா வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். புருவத்திலும் கைமயிரிலும் சாம்பல். வாசலில் பையனைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து அவனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, என்னால மார்க்கு குறைஞ்சிட்டோ?"

"இல்லம்மா. ஒண்ணு கேக்கேன், நெசமாவே ஒண்ணும் தோணலையா உனக்கு?"

"எல்லாரும் மொட்டைமாடி, போர்வை, வத்தல்னு சொல்லுதாவ. நான் பிறந்து ரெண்டு வருஷத்துல அதெல்லாம் நின்னு போச்சாம்லா. எனக்குத் தெரிஞ்சு மாடிக்கதவு பூட்டித்தான் கெடக்கு. பாக்காதத எப்படிக்கா ஏங்கது?" கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "இத மூடுனா மறுபடி அப்படிக் குளுருமாக்கா?"

"நமக்குக் குளுராது ஆத்விகா. ஏறுன சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. இதுக்கு மேல ஏறாம இருக்கும். இவனோட பேரப்பிள்ளைக்கு வேணா ஒரு ராத்திரி கெடைக்கலாம்."

ஆத்விகா பையனின் தலையில் ஒட்டியிருந்த சாம்பலை ஊதினாள்.

அந்த இரண்டு என்ற எண்தான் தர்ஷினியை உலுக்கியது. பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி அளக்க வருவார்கள். அதற்குள் அப்பா இருப்பாரா? கணக்குப் பிரிவுப் பெரியவர் இருப்பாரா? இருக்கப் போவது ஆத்விகாவும் அவள் வயதுக்காரர்களும்தான். அன்று ஏக்கமானி சராசரி இரண்டு காட்டும். இவர்கள் எதையும் இழக்கவில்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவான் ஒருவன். நினைவு வைத்திருக்கிறவர்கள் செத்துப் போகப் போக, நஷ்டமும் குறைந்துகொண்டே வரும். காகிதத்தில்! என்ன அநியாயமான கணக்கு இது? அங்கேயே, ஏ வரிசைச் சுவரில் படிவத்தை வைத்து, அச்சடித்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'ஏக்கம் நிலையத்தைக் குறித்ததன்று. நிலையம் நிறுத்தப்பட்டிருந்த நாட்களைக் குறித்தது.' கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் அழுதாள்.

ஆறு மாதத்தில் நிலையம் மூடப்பட்டது. அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போன் அடித்தால் எடுப்பார். "இருக்கேன்" என்பார். வைத்துவிடுவார். கோயம்புத்தூருக்கு வந்து என்னோடு இருங்கள் என்று எத்தனை முறை கேட்டாளோ, அத்தனை முறையும் அந்த ஒரே சொல்தான் பதில்.

மூடியபின் ஒரு வருடம் கழித்து மறு அளவை என்று ஒன்று உண்டு. கோப்பில் வைப்பதற்கு மட்டும். தராசை எல்லாம் எடுத்து வைத்த பிறகு என்ன எண் வந்தால் என்ன? ஆனாலும் விதி விதிதான். தர்ஷினி அரசம்பட்டிக்குப் போனாள்.

குறை சொல்ல முடியாத கட்டடம். சுவரெல்லாம் வெப்பம் தாங்குகிற பூச்சு, வாசலில் நிழற்கூரை. கொடியில் கிடந்த துணி எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நெஞ்சு நோய்ப் பிரிவில் கூட்டம் பாதியாகிவிட்டதாக ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். ஜெபஸ்டின் அங்கேயும் சங்கம் ஆரம்பித்து, தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சண்டையை நிறுத்தி, "வா பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அப்பா பதினோராவது மாடியில் இருந்தார். வில்லையை ஒட்டக் காதைக் காட்டினார், பேசவில்லை. எண்பத்தொன்பது. போன தடவை எவ்வளவோ அதே. சாம்பல் போய்விட்டது, சூடு போகவில்லை, அம்மாவும் வரவில்லை. எண் எப்படிக் குறையும்?

அடுத்த வீடு ஆத்விகாவுடையது. அவளுக்கு இப்போது உப்பு பேட்டரி ஆலையில் வேலை. சம்பளம் முன்பைவிடக் கூடுதல் என்றாள். அப்பாவுக்கு இரண்டு வேளை சாப்பாடு அந்த வீட்டிலிருந்துதான் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தர்ஷினி வில்லையை ஒட்டினாள். சிரித்துக்கொண்டே, "போன தடவை இரண்டு. இந்தத் தடவையாவது பாஸாகு" என்றாள்.

ஆத்விகா கண்ணை மூடினாள். எண் ஏறிக்கொண்டே போனது. முப்பது. ஐம்பத்தைந்து. எழுபத்து நான்கில் நின்றது.

தர்ஷினி வில்லையைக் கழற்றவில்லை. "என்ன நெனச்ச?"

"அந்தச் சத்தம்க்கா." ஆத்விகாவின் கன்னம் நனைந்திருந்தது. "அங்க எப்பவும் ஒரு சத்தம் வரும்லா, ஊம்ம்னு. டர்பைன் ஓடுத சத்தம். பிறந்ததுலேருந்து அது காதுல இருந்துச்சு. இருக்குன்னே தெரியாது. இங்க வந்த மொத நாள்தான் அது இல்லன்னு தெரிஞ்சுது. இவன் ஒரு வருஷமா ஒழுங்கா தூங்கல. டாக்டர்ட்ட காட்டியாச்சு, ஒண்ணும் இல்லங்காவ. அவனுக்கும் அதான்க்கா. எனக்குத் தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க கேட்டப்ப இது தோணல. பொய் சொல்லல நான். போனபொறவுதான் தோணுது."

தர்ஷினி தரையில் உட்கார்ந்து படிவத்தைப் புரட்டினாள். அந்த இரண்டு என்ற எண்ணைப் பார்த்து, இழக்க ஒன்றுமில்லாதவள் இவள் என்று முடிவு கட்டியது யார்? அவள்தான். கையில் இருக்கிறபோது எந்தக் கருவியும் அதைக் காட்டாது என்பது, நான்கு வருடம் ஏக்கத்தை அளந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"தப்புப் பண்ணிட்டேனா ஆத்விகா?"

"ஐயே, அப்படிச் சொல்லல. இவன் மூஞ்சியப் பாருங்க, ஒரு சளி இல்ல, இருமல் இல்ல. மூடினது நல்லதுக்குத்தான். நல்லதுன்னா ஏங்கக் கூடாதா?" படிவத்தை எட்டிப் பார்த்தாள். "இத எங்கக்கா எழுதுவிய?"

"இதுக்குக் கட்டம் இல்லம்மா" என்றாள் தர்ஷினி. உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கட்டிலில் புரண்டுகொண்டிருந்த பையன் எழுந்து, வழக்கம்போல அழ ஆரம்பித்தான். ஆத்விகா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, உதட்டை மூடி, ஊம்ம் என்று இழுத்தாள். பையன் அழுகையை நிறுத்திக் கேட்டான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் மறுபடி அழுதான். தர்ஷினியும் பதினெட்டு வருடம் அந்தச் சத்தத்துக்குள் தூங்கியவள்தான். ஆத்விகா மூச்சு வாங்குகிற இடத்தில் அவள் பிடித்துக்கொண்டாள்.

"அது இல்ல."

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வருகிற வேறு பேச்சு.

"நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து சுத்துத டர்பைனுக்கு அது இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ வா. கட்டக் குரல்ல போடு." உள்ளே வந்து தர்ஷினியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ரெண்டு பேருக்கு மூச்சுப் பத்தாதுட்டி. நிக்காம ஓடணும்னா மூணு ஷிப்டு வேணும். நீ விடும்போது நான் எடுக்கேன். நான் விடும்போது அந்தப் பிள்ளை எடுக்கட்டும்."

அவர் ஆரம்பித்தார். தர்ஷினி வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து ஆத்விகா வாங்கினாள். நாலாவது சுற்றில் பையனின் கை தாயின் கழுத்திலிருந்து நழுவி ஆடியது. அவன் தூங்கி வெகுநேரம் ஆன பிறகும் மூன்று பேரில் ஒருவரும் நிறுத்தவில்லை.